கை கால் வந்துடுச்சு, ஆனா பழைய ஆள் வரல

1/ பக்கவாதம் வந்து டிஸ்சார்ஜ் ஆனவரை ரெண்டு மாசம் கழித்து ரிவ்யூவுக்குக் கூட்டிட்டு வருவாங்க. வீட்டம்மா சொல்லுவாங்க: "கை கால் பரவாயில்ல சார், கம்பு ஊனி நடக்கிறாரு. ஆனா பழைய ஆளா இல்ல." கொஞ்சம் விசாரித்தால் மீதியும் வரும். எதுக்கெடுத்தாலும் அழுகை. பேரப்பிள்ளை வந்தாலும் முகம் கொடுப்பதில்லை. பிசியோ பயிற்சி செய்யச் சொன்னால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். "திமிரு சார், வேணும்னே பண்றாரு" என்று மகன் முடிப்பார்.

2/ ஓபி கூட்டத்தில் நாங்கள் பிபி பார்ப்போம், சுகர் பார்ப்போம், மாத்திரை எழுதுவோம். "தைரியம் சொல்லுங்கம்மா, சரியாயிடும்" என்று அனுப்பிவிடுவோம். நானும் பல பேரை அப்படி அனுப்பியிருக்கிறேன். ஆனால் அந்த "பழைய ஆளா இல்ல" என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு வேலை செய்யவே ஒரு துறை இருக்கிறது. கிளினிக்கல் சைக்காலஜி, அதாவது மருத்துவ உளவியல். அந்தத் துறை பக்கவாத நோயாளியின் கட்டில் வரை வந்து சேர நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. ஏன் அவ்வளவு தாமதம் என்பதுதான் இந்த இழை. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

3/ முதலில் நோய். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டாலோ வெடித்தாலோ, அதை நம்பியிருந்த மூளைப்பகுதி செத்துப்போகிறது. பழைய கிரேக்கர்கள் இதை "அபோப்ளெக்சி" என்றார்கள். அடித்து வீழ்த்தப்படுவது என்று பொருள். ஆங்கிலத்தில் "ஸ்ட்ரோக்" என்றாலும் அடிதான். நம்ம ஊரிலும் "வாதம் அடிச்சிடுச்சு" என்றுதான் சொல்கிறோம். பார்த்த எல்லோருக்கும் அது ஓர் அடியாகத்தான் தெரிந்திருக்கிறது.

4/ அடி எங்கே விழுகிறது என்பதைக் காட்டியவர்களில் முக்கியமானவர் ஸ்விட்சர்லாந்து மருத்துவர் யோஹான் யாகோப் வெப்ஃபர். இப்படி விழுந்து இறந்தவர்களின் உடலைத் திறந்து, மூளைக்குள் ரத்தம் கசிந்திருந்ததை 1658-ல் வெளியான தன் நூலில் எழுதினார். அதிலிருந்து அடுத்த இருநூறு வருஷமும் மருத்துவம் கேட்ட கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: மூளையில் எந்த இடம்?

5/ அந்தக் கேள்விக்குக் கிடைத்த புகழ்பெற்ற பதில் 1861-ல், பாரிஸ் பக்கத்தில் இருந்த பிசேத்ர் மருத்துவமனையில் வந்தது. அங்கே லெபோர்ன் என்று ஒருவர். வயது 51. அதில் 21 வருஷம் அந்த மருத்துவமனையிலேயே கழிந்தது. என்ன கேட்டாலும் "டான் டான்" என்று மட்டும்தான் சொல்வார். அதனால் அவர் பெயரே டான் ஆகிவிட்டது. பிற்பாடு வலது கையும் காலும் விழுந்து படுக்கையானார். கடைசியில் காலில் புரையோடி, பால் ப்ரோக்கா என்ற அறுவை மருத்துவரிடம் வந்தார். சில நாளில் இறந்தார். ப்ரோக்கா மூளையை எடுத்துப் பார்த்தார். இடது பக்கம், முன்பகுதியில் சேதம். பேச்சுக்கு மூளையில் இடம் உண்டு என்பது அங்கே நிலைபெற்றது. எம்பிபிஎஸ் முதல் வருஷத்திலேயே இதைப் படித்துவிடுகிறோம்.

6/ பாடப்புத்தகத்தில் வராத ஒன்று இருக்கிறது. லெபோர்னைப் பற்றி வார்டில் இருந்தவர்கள் சொன்னதையும் ப்ரோக்கா பதிவு செய்திருக்கிறார். சுயநலக்காரர், வன்மம் பிடித்தவர், சக நோயாளிகளுக்கு இவரைக் கண்டாலே ஆகாது, திருட்டுப் பட்டமும் கட்டியிருந்தார்கள். தன் சைகை எதிராளிக்குப் புரியவில்லை என்றால் கோபம் தலைக்கேறும். அப்போது மட்டும் "டான்" இல்லாமல் ஒரு வசைச்சொல் தெளிவாக வரும்.

7/ யோசித்துப் பாருங்க. 21 வருஷம் ஒரு மனுஷன் சொல்ல வந்ததை யாருக்கும் சொல்ல முடியவில்லை. கோபம் வராமல் என்ன செய்யும்? அவர் மூளையைப் பாட்டிலில் போட்டுப் பாதுகாத்தார்கள், இன்றைக்கும் இருக்கிறது. அவர் கோபத்துக்கு வார்டில் கிடைத்தது கெட்ட பெயர். 1861-ன் அந்தக் கெட்ட பெயருக்கும், நம்ம ஓபியில் கேட்கும் "திமிரு சார்" என்பதற்கும் பெரிய தூரம் இல்லை.

8/ அதே வருஷம் ப்ரோக்கா பார்த்த இரண்டாவது நோயாளி லெலோங், வயது 84. ஐந்தே ஐந்து சொல்தான் மிச்சம். ஆமாம், இல்லை, எப்போதும், மூன்று, பிறகு அரைகுறையாகத் தன் பெயர். எந்த எண்ணைச் சொல்லவும் அவரிடம் இருந்தது அந்த "மூன்று" மட்டும். உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் வாய் "மூன்று" என்றது. கை நாலு விரலைக் காட்டியது. நாலுதான் சரி! பேச்சு போனால் புத்தி போனது என்று அர்த்தமில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். உள்ளே ஆள் முழுசா உட்கார்ந்திருக்கிறார். பக்கவாதம் வந்தவர் முன்னால் அவரைப் பற்றியே "இனி இது தேறாது" என்று பேசும் சொந்தக்காரர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளணும்.

9/ 1914-ல் பாரிசில் பாபின்ஸ்கி இன்னொரு விசித்திரத்துக்குப் பெயர் வைத்தார். அனோசக்னோசியா. இடது கை கால் முழுக்க விழுந்தவர், "எனக்கு ஒண்ணும் இல்லையே" என்பார். கையைத் தூக்குங்க என்றால், தூக்காமலேயே தூக்கிட்டேன் என்பார். பொய்யோ வீம்போ கிடையாது. தன் உடம்பின் குறையை அறியும் மூளைப்பகுதியே அடிபட்டிருக்கிறது. ஆக, பக்கவாதம் கை காலை மட்டும் தொடுவதில்லை, தன்னைப் பற்றிய அறிவையே தொடுகிறது என்று தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன செய்தார்கள்? கட்டுரை எழுதினார்கள். உதவி செய்யத் தனி ஆள் இன்னும் வரவில்லை.

10/ அந்த ஆளைக் கொண்டுவந்தது யுத்தம். முதல் உலகப்போரில் தலையில் குண்டு பாய்ந்தும் பிழைத்த இளம் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் திரும்பினார்கள். இன்னும் 40, 50 வருஷம் வாழப்போகிறவர்கள். மூளையில் எந்த இடம் என்று மட்டும் சொல்லி வீட்டுக்கு அனுப்ப முடியாது. ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட்டில் கர்ட் கோல்ட்ஸ்டைன் என்ற நரம்பியல் மருத்துவர் இவர்களுக்கென்றே ஒரு நிலையம் நடத்தினார். பக்கத்திலேயே ஆதெமார் கெல்ப் என்ற உளவியலாளரை வைத்துக்கொண்டார். மருத்துவரும் உளவியலாளரும் ஒரே நோயாளியின் முன்னால் சேர்ந்து உட்கார்ந்தார்கள். நம்ம கதையின் திருப்பம் இதுதான்.

11/ அங்கே கோல்ட்ஸ்டைன் கவனித்தது: சிப்பாயிடம் ஒரு சின்னக் கணக்கைக் கொடுக்கிறார். முன்பு விரல் நுனியில் இருந்த கணக்கு. இப்போது வரவில்லை. உடனே முகம் வெளிறும், வியர்க்கும், நடுங்கும், கத்துவார், அல்லது அழுவார். அதுவரை அமைதியாக இருந்த அதே மனிதர். இதற்கு அவர் வைத்த பெயர் "பேரழிவு எதிர்வினை". கணக்கு தப்பானதற்காக வரும் வருத்தம் மாதிரி இல்லை, தானே இல்லாமல் போய்விட்டது போன்ற பயம்.

12/ அந்தப் பயம் திரும்ப வராமல் இருக்க நோயாளிகள் தாங்களே வழி கண்டுபிடித்தார்கள். புது வேலையைத் தொட மாட்டார்கள். யாரோடும் சேர மாட்டார்கள். பொருட்களை ஒரே ஒழுங்கில் அடுக்கி, அது கலையாமல் காவல் காப்பார்கள். வெளியே பார்ப்பவருக்கு அது சோம்பேறித்தனம், பிடிவாதம். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கும் நம்ம பெரியவரை இப்போது மறுபடி பாருங்க. சட்டை பட்டனைப் போட முடியாமல் மருமகள் முன்னால் தோற்றது நேற்று. இன்றைக்கும் தோற்க அவருக்குத் தெம்பு இல்லை. அதனால் உளவியலாளர் எடுத்த எடுப்பில் முடியாததைக் கொடுக்க மாட்டார். அவரால் முடிகிற ஒன்றிலிருந்து தொடங்குவார்.

13/ கோல்ட்ஸ்டைன் யூதர். 1933-ல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் கைது செய்யப்பட்டார். நாட்டை விட்டுப் போவதாக ஒப்புக்கொண்ட பிறகே விடுதலை. ஆம்ஸ்டர்டாமில் தங்கி, தன் அனுபவத்தை எல்லாம் நூலாக்கி 1934-ல் வெளியிட்டார். பிறகு அமெரிக்கா. அவர் ஜெர்மனியில் கட்டிய வேலை அங்கேயே அறுந்துபோனது.

14/ இரண்டாம் உலகப்போர். சோவியத்தில் அலெக்சாண்டர் லூரியா, உளவியலாளர், பிறகு மருத்துவமும் படித்தவர். யூரல் மலைப்பகுதியில் தலைக்காயம் பட்ட வீரர்களுக்கு மறுவாழ்வு மருத்துவமனை அமைத்தார். அங்கே வந்தவர் ஸசெட்ஸ்கி. தலையில் குண்டுக்காயம். படிக்க வராது, எழுத்தின் வடிவம் நினைவுக்கு வராது. எழுத்து எழுத்தாக யோசித்து எழுதச் சொன்னால் முடியவில்லை. யோசிக்காமல், கையை எடுக்காமல் ஒரே இழுப்பில் சொல்லை எழுதச் சொன்னார்கள். வந்துவிட்டது! கைக்கு இருந்த பழக்கம் காயம் படாமல் மிச்சம் இருந்திருக்கிறது. அந்த ஒரு வாசல் வழியாக அவர் 25 வருஷம் தன் கதையை எழுதினார். தான் எழுதியதைத் தானே சரளமாகப் படிக்க முடியாத நிலையில். மூடிய கதவையே இடிக்காமல் வேறு வாசலைத் தேடுவது, இதுதான் லூரியாவின் பாடம்.

15/ அதே காலத்தில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஆலிவர் சாங்வில் என்ற உளவியலாளர் மூளைக்காயப் பிரிவில் வேலை பார்த்தார். 1947-ல் எழுதிய கட்டுரையில் மூன்று வழிகளைப் பிரித்துக் காட்டினார். போன திறமையைச் சுற்றிக்கொண்டு போவது: மறதி என்றால் நோட்டுப்புத்தகம். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் பழக்குவது: வலது கைக்குப் பதில் இடது கையால் எழுதுவது. போனதையே நேரடியாகத் திரும்பப் பயிற்றுவது. யாருக்கு எது என்று அளந்து பார்ப்பதுதான் உளவியலாளர் வேலை. இன்றைய மறுவாழ்வு மையங்களும் இந்த மூன்றைச் சுற்றியே ஓடுகின்றன.

16/ ஒன்றைக் கவனிச்சீங்களா? கோல்ட்ஸ்டைன், லூரியா, சாங்வில் மூவர் கையிலும் பெரும்பாலும் இளம் சிப்பாய்கள். அவர்களைத் தேற்றுவதில் அரசுக்கும் அக்கறை இருந்தது. பக்கவாதம் பெரும்பாலும் வயசானவருக்கு வருவது. "வயசாயிடுச்சு, இனி என்ன" என்ற ஒரு வரியில் அவர்கள் வரிசையின் கடைசிக்குத் தள்ளப்பட்டார்கள். அந்த வரியை அசைத்துப் பார்த்தவர்களில் ஒருவர் ஹாலிவுட் நடிகை.

17/ பட்ரிசியா நீல். 1964-ல் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் வாங்கியவர். 1965 பிப்ரவரியில், 39 வயதில், கர்ப்பமாக இருக்கும்போது மூளை ரத்தக்குழாய் வீக்கம் வெடித்தது. சுமார் மூன்று வாரம் கோமா. கண் திறந்தபோது வலது பக்கம் விழுந்திருந்தது, பேச்சு இல்லை. அதே ஆகஸ்டில் குழந்தை நலமாகப் பிறந்தது. கணவர் எழுத்தாளர் ரோல்ட் டால். இங்கிலாந்தில் அவர்கள் இருந்த கிராமத்தில் அக்கம்பக்கத்தாரைத் திரட்டி முறை போட்டார். ஒருவர் மாற்றி ஒருவர், ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் வரை, பேச்சு, படிப்பு, விளையாட்டு.

18/ 1968-ல் அவர் மறுபடி சினிமாவில் நடித்து ஆஸ்கர் பரிந்துரை பெற்றார். உலகமே கொண்டாடியது. ஆனால் அந்த விரட்டல் தனக்கு எப்படி இருந்தது, எவ்வளவு நொறுங்கிப்போயிருந்தேன் என்பதை அவரே பிற்பாடு சுயசரிதையில் எழுதினார். தூரத்தில் இருந்து பார்த்தால் வெற்றிக்கதை, உள்ளே இருந்தவருக்கு வேறு கதை. அந்த முறையில் வந்தவர்களில் ஒருவரான வாலரி ஈட்டன் கிரிஃபித் எந்த மருத்துவப் படிப்பும் இல்லாதவர். அந்த அனுபவத்தை நூலாக எழுதினார். 1970-களில் அது பிரிட்டன் முழுக்கத் தன்னார்வத் திட்டமாக வளர்ந்தது. பக்கத்தில் வந்து உட்கார ஓர் ஆள் இருப்பதே வைத்தியத்தில் பாதி என்று அது காட்டியது.

19/ இனி முக்கியமான கேள்வி. கை கால் போனவர் மனம் உடைவது இயல்புதானே, அதில் நோய் எங்கே வந்தது? 1977-ல் அமெரிக்காவில் ஃபோல்ஸ்டைன் குழு இதைச் சோதித்தது. 20 பக்கவாத நோயாளிகள். எலும்பு, மூட்டுப் பிரச்சினையால் கிட்டத்தட்ட அதே அளவு முடங்கிய 10 பேர். மனச்சோர்வு பக்கவாதக்காரர்களில் 45%, மற்றவர்களில் 10%. சின்ன ஆய்வுதான். ஆனால் முடங்கிய வருத்தம் மட்டுமே காரணம் என்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்திருக்கணும். மூளையில் ஏற்பட்ட காயத்துக்கும் இதில் பங்கு இருக்கலாம் என்ற சந்தேகம் அங்கே வலுத்தது.

20/ அடுத்து ராபர்ட் ராபின்சன் குழு, இடது முன்மூளையில் அடிபட்டால் மனச்சோர்வு அதிகம் என்றது. 2000-ல் எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தபோது அப்படி ஒரே இடத்தைக் கைகாட்ட முடியவில்லை. ப்ரோக்காவின் "எந்த இடம்?" என்ற கேள்வி இங்கே பதில் தரவில்லை. ஆனால் ஒரு கணக்கு மட்டும் பல நாட்டு ஆய்வுகளிலும் திரும்பத் திரும்ப வந்தது. பக்கவாதத்தில் பிழைத்தவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. மூன்றில் ஒருவர்! அவர்கள் பயிற்சியில் பின்தங்குகிறார்கள், மாத்திரையை விடுகிறார்கள், மரண ஆபத்தும் கூடுகிறது.

21/ அழுகையிலும் இரண்டு வகை உண்டு. சோகத்தால் வருவது ஒன்று. சோகமே இல்லாமல், டிவியில் ஒரு பாட்டு வந்தாலோ, "சாப்பிட்டீங்களா" என்று கேட்டாலோ கண்ணீர் கொட்டுவது இன்னொன்று. சிலருக்கு சாவு வீட்டில் சிரிப்பு வந்துவிடும். அழுகைக்கும் சிரிப்புக்கும் மூளையில் இருக்கும் கடிவாளம் தளர்ந்ததால் வருவது. கின்னியர் வில்சன் 1924-லேயே இதைப் பற்றி விரிவாக எழுதிவிட்டார். இரண்டுக்கும் வைத்தியம் உண்டு. எது எது என்று பிரித்தறியத்தான் பயிற்சி பெற்றவர் வேணும்.

22/ சரி, பேச்சே போனவரிடம் "மனசு எப்படி இருக்கு"ன்னு எப்படிக் கேட்பது? லெபோர்னிடம் யாரும் கேட்காத கேள்வி. 1998-ல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் நடீனா லிங்கன் என்ற மருத்துவ உளவியலாளரும் சகாவும் வழி செய்தார்கள். நோயாளியைக் கேட்காமல், கூட இருப்பவரைக் கேட்கும் வினாப்பட்டியல். அழுகிறாரா, தூக்கம் கெடுகிறதா, கண்ணைப் பார்ப்பதைத் தவிர்க்கிறாரா, ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்தே இருக்கிறாரா. எளிமையான கேள்விகள். ப்ரோக்காவிலிருந்து இந்தக் கேள்விக்கு வர 137 வருஷம்.

23/ 2013-ல் அதே ஊர்க் குழுவின் சோதனை முடிவு வந்தது. பேச்சு பாதித்து மனம் சோர்ந்தவர்கள் 105 பேர். ஒரு பாதிக்கு உளவியல் சிகிச்சை. பேச்சை நம்பாத சிகிச்சை: படம், அட்டை, முன்பு பிடித்த வேலைகளைச் சின்னச் சின்னதாகத் திரும்பத் தொடங்குவது. ஆறு மாசத்தில் அவர்கள் மனநிலை மற்றவர்களைவிட மேலாக இருந்தது. மாத்திரை பக்கம், 3,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து 2018-ல் முடிவு வெளியான பிரிட்டன் ஆய்வில், ஃப்ளூஆக்ஸிடினை எல்லோருக்கும் வழக்கமாகக் கொடுத்தால் கை கால் மீட்சி கூடவில்லை. மனச்சோர்வு குறைந்தது, எலும்பு முறிவு கூடியது. ஆகவே மாத்திரை தேவைப்படுகிறவருக்கு மருத்துவர் பார்த்து எழுதணும். பக்கத்து வீட்டுக்காரர் சீட்டைப் பார்த்து வாங்கக் கூடாது.

24/ நம்ம நாட்டில் மருத்துவ உளவியல் பயிற்சி 1950-களில் பெங்களூரில் தொடங்கியது. பிற்பாடு 1974-ல் நிம்ஹான்ஸ் ஆன அதே நிறுவனம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக எம்.ஃபில் போன்ற தனிப்பயிற்சியும், இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவும் வேணும். மாத்திரை எழுதுபவர் மனநல மருத்துவர். அளந்து, பேசி, பயிற்சி கொடுப்பவர் உளவியலாளர். நோயாளிகள் எண்ணிக்கைக்கு இவர்கள் மிக மிகக் குறைவு. அதனால் முதல் கேள்வியைக் கேட்கும் வேலை என்னைப் போன்ற எம்பிபிஎஸ் டாக்டர்களுக்கும், வீட்டில் இருக்கும் உங்களுக்கும் வருகிறது.

25/ வீட்டில் பக்கவாதம் வந்தவர் இருந்தால்:
- இரண்டு வாரத்துக்கு மேல் அழுகை, தூக்கமின்மை, சாப்பாட்டில் வெறுப்பு, யாரோடும் ஒட்டாமை இருந்தால் அடுத்த ரிவ்யூவில் நீங்களே சொல்லுங்க. நாங்கள் கேட்க மறந்தாலும் சொல்லுங்க.
- முடியாததில் தொடங்காதீங்க. முடிகிற ஒன்றைச் செய்ய விடுங்க.
- பேச்சு வராதவரிடமும் பேசுங்க. அவர் முன்னால் அவரைப் பற்றிப் பேசாதீங்க.
- மக்களைத் தேடி மருத்துவத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கு வந்தால், மனசு பற்றியும் அவரிடம் சொல்லுங்க.
- "செத்துட்டா தேவல" என்ற வார்த்தை வந்தால் அன்றே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு வாங்க. டெலி மானஸ் எண் 14416, கட்டணம் இல்லை.

26/ இப்போதெல்லாம் ரிவ்யூவில் பிபி பட்டையைக் கட்டும்போதே நோயாளியிடம் ஒரு கேள்வி கேட்கிறேன்: "மனசு எப்படிய்யா இருக்கு?" ஒரு நிமிஷம் கூட ஆகாது. சிலர் தலையசைப்பார்கள். சிலர் அப்படியே உடைந்து அழுவார்கள். கூட வந்த மகன் அப்போதுதான் அப்பா முகத்தை நேராகப் பார்ப்பார். மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுதுவது அதற்குப் பிறகு சுலபமாகிவிடுகிறது.

வீட்டில் இப்படி ஒருவர் இருக்கும் நண்பருக்கு இதை அனுப்புங்க.